ஒரு மேசைக்கு ஒரு கரண்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்று தலைவர் சோற்றுக்கு வாயே திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். தலைவர் என்று நான் கூப்பிடுவது இரண்டரை வயதுப் பெண்பிள்ளையை. காப்பகத்துக்குள் நுழையும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் ஒழுங்காகப் பெருக்கினோமா என்று பார்த்தபடிதான் வருவாள்.

என் மேசையில் ஆறு பேர். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. வாய்க்கு வாய் உதட்டில் தொட்டுச் சூடு பார்த்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவேன். முதல் வாய் எப்போதும் தலைவருக்கு. இன்று கரண்டி பட்டதுமே அழுகை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் முன்பல் நாலும் ஈறோரம் பழுப்பாக அரித்திருக்கிறது. போன மாதம் வெள்ளைப் புள்ளியாக இருந்ததைப் பால் காய்ந்தது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். எனக்கு எங்கே போச்சு புத்தி?

மற்றவர்கள் வாயையும் பார்த்தேன். இன்னும் மூன்று பேருக்கு அதே வெள்ளைப் புள்ளி.

ஜூன் 5, வியாழன்

தலைவரின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தூங்க வைக்க என்ன குடுக்கறீங்க? மிட்டாயா, சர்க்கரைத் தண்ணியா?" மேலாளர் பக்கத்தில்தான் நின்றார். நான் கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஒரு வார்த்தை பேச வேண்டுமே! "பையைக் காட்டுங்க ஆயாம்மா" என்றார்.

ஏப்ரன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். துணிக் கிளிப்பு ஒன்று, உடைந்த கலர்ப் பென்சில், ஒற்றைச் சாக்ஸ். "பையைத் தச்சதும் நான்தான், பிரிச்சும் காட்டட்டுமா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கத்தான் கேட்டேனா என்ன?

ஜூன் 6, வெள்ளி

கோபம் ஆறவில்லை. சாக்ஸுக்குச் சொந்தக்காரர் மட்டும் கிடைத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

பல் டாக்டர் வந்து பரிசோதித்து முடிவு சொல்கிற வரை நான் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாதாம். துணி துவைக்கிற அறைதான். முடிவு எனக்கு எதிராக வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊட்டின கையைச் சோப்பு நுரையில் முக்கி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் அழுவது கேட்கிறது. பக்கத்து மேசை ஆயா ஊட்டினால் அவள் சாப்பிட மாட்டாள். நான் வாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பல் டாக்டர் வந்தாள். என் மகன் வயசுதான் இருக்கும். பிள்ளைகள், அம்மாக்கள், ஆயாக்கள் என்று எல்லார் வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்தாள். மேலாளர் மட்டும், நான் ஊட்டுவதில்லையே என்று நழுவிவிட்டார்.

என்னை ஆ காட்டச் சொன்னாள். மூணு பல் இல்லை, இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள் என்றேன். சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நாலு சொத்தை இருக்கேம்மா. வலிக்கலையா?" வலிக்கும்தான். ஒரு பக்கம் வலித்தால் மறு பக்கம் மெல்லுவேன், கடவுள் எதுக்கு ரெண்டு பக்கம் வைத்தான் என்றேன்.

பல்லை அரிப்பது ஒரு கிருமியாம். இனிப்பைத் தின்றுவிட்டுப் புளிப்பைக் கக்குமாம், அதில்தான் பல் கரைகிறதாம். பிறக்கும்போது பிள்ளை வாயில் அது இருக்காதாம், யாரோ கொடுத்துத்தான் வருமாம். அந்தக் கிருமியிலும் வகை வகையாக உண்டாம். கைரேகை மாதிரி, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்த்துவிடலாமாம். நல்லதாப் போச்சு, திருடனைப் பிடிங்கம்மா என்றேன். என் மேல் தப்பில்லை என்று காகிதத்தில் வரட்டும். அதை மேலாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானே வைப்பேன்.

ஜூலை 2, புதன்

வந்தது காகிதம்.

மேலாளர், தலைவரின் அம்மா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மற்ற மேசைப் பிள்ளைகளில் பெரும்பாலும் அவரவர் அம்மா வாயில் உள்ள வகைதானாம். என் மேசையில் நாலு பேருக்கு மட்டும் ஒரே வகை, அவர்கள் அம்மாக்களிடம் இல்லாத வகை. நான் மேலாளரைத்தான் பார்த்தேன். குச்சி வைக்க விடாதவர் அவர்தானே!

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தாள், ஊசி போடுமுன் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. "அம்மா, உங்க வாயில இருக்கிறதும் அதே வகைதான்."

கத்திவிட்டேன். ஒரு துளி சர்க்கரை கொடுத்திருந்தால் இந்தக் கை விளங்காமப் போகட்டும் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சர்க்கரைன்னு யாரும் சொல்லலம்மா. சோறு சூடா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

கை தானாக உதட்டுக்குப் போனது.

அப்புறம் தலைவரின் அம்மா பக்கம் திரும்பி, வீட்டில் புட்டியோடு தூங்குகிறாளா என்று கேட்டாள். இனிப்புப் பால்தான், அது இல்லாமல் கண் மூட மாட்டாள் என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். பல்லை அரிக்கக் கிருமி வாய்க்குள் போனால் மட்டும் போதாதாம், அதுக்குத் தீனியும் வேண்டுமாம்.

ஜூலை 3, வியாழன்

யாருக்காகச் சூடு பார்த்தேன்? வாய் வெந்துடக் கூடாதேன்னுதானே? அதுக்குப் பேர் குத்தமா? பிள்ளைக்குப் பல்லு போச்சு, ஆயா உதடு காரணம் – இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

முன்பு ஆறு கிண்ணம், ஆறு கரண்டி வைத்தவள்தான் நான். எதுக்கு இத்தனை பாத்திரம், இருபது நிமிஷத்தில் முடியுங்கள் என்று ஒன்றாக்கியது மேலாளர். கழுவுகிற வேலை குறைந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

போய் முதலில் உன் பல்லைப் பார் என்கிறார் வீட்டுக்காரர். மூணு வருஷமாக இதையேதான் சொல்கிறார். உன் குறட்டையை நிறுத்து, நான் பல்லைப் பார்க்கிறேன் என்பேன். இன்று அது வாயில் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். 'அறிவுறுத்தலை மீறி ஒரே கரண்டியில் ஊட்டினேன்' என்று அச்சடித்து, கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன்! மீறினேனாம். யார் அறிவுறுத்தலை யார் மீறினது?

"ஒரு கரண்டி வைக்கச் சொன்னது நீங்க. உதட்டுல வச்சது நான். ரெண்டையும் எழுதுங்க, போடறேன்" என்றேன். பக்கத்து மேசை ஆயா துண்டை மடித்தபடியே, தனக்கும் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள். பிள்ளையை விட வந்த தலைவரின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இவளும் இப்போது என் மேல் பாயப் போகிறாள் என்று நினைத்தேன். "ரெண்டையும் எழுதுங்க மேடம்" என்றாள். "புட்டியையும் சேர்த்துக்குங்க."

தாள் மேசை டிராயருக்குள் போய்விட்டது. திங்கட்கிழமை பிள்ளைகள் பக்கம் வரச் சொல்லிவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

தலைவருக்கு இரண்டு பல்லை எடுக்க வேண்டும், இரண்டை அடைத்துக் காப்பாற்றலாம். யாருக்கும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் வாருங்கள் ஆயாம்மா என்று அவள் அம்மா கூப்பிட்டாள். பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் பிள்ளை உறைந்துவிட்டது.

நான் ஏறிப் படுத்தேன். முதலில் எனக்குச் செய்யுங்கள், தலைவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பார் என்றேன். ஊசி, குடைகிற சத்தம், கண்ணில் தண்ணீர். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "அழக் கூடாது ஆயாம்மா" என்று அதட்டினாள். அப்புறம் அவள் முறை. என் விரலைப் பிடித்த பிடியில் விரல் இன்னும் சிவந்திருக்கிறது.

புதுப் பல் முளைக்க ஏழெட்டு வயசாகுமாம். அதுவரை இந்தச் சிரிப்பைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். வரட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆறு கிண்ணம், ஆறு கரண்டி. சூடு மணிக்கட்டில்தான் பார்க்கிறேன். நாற்பது நிமிஷம் ஆகிறது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் மேலாளரைப் பார்த்தேன்.

எனக்கு இரண்டு பல் அடைத்தாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி.

இன்று தலைவர் தானே பாதி சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைத் தன் கரண்டியில் அள்ளி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முன்பெல்லாம் ஒரே வாயில் வாங்கிக்கொண்டு, கரண்டியையும் கடிப்பது போல நடிப்பேன்.

"ஆ காட்டு ஆயாம்மா."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.