ரேடியோ சொல்லாத மழை

அன்னிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோ முன்னால யார் யார் இருந்தோம்னு எனக்கு இன்னும் மறக்கல அக்கா. நீ, நான், உன் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டுக் கன்னியம்மா, ரேடியோ சாவியை இடுப்புல சொருகிக்கினு திரிஞ்ச ரங்கன். உன் சின்ன நைனா, அதான் உன் சித்தப்பா, எதிர்க்கடையில டீ குடிச்சிக்கினு இருந்தார்.

இன்னிக்குக் காலையில பேத்தி செல்போனைப் பார்த்துட்டு, "மேற்கால மலைப்பக்கம் நாளைக்குப் பெரிய மழையாம் பாட்டி"ன்னா. முறத்தைக் கீழ வச்சிட்டு உனக்கு எழுத உக்காந்துட்டேன். நான் நாலாவது வரைக்கும் படிச்சவ. தப்பிருந்தா நீ திட்டவா போற.

ஹிந்தி கலாட்டா நடந்ததுக்கு அடுத்த வருஷம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்ப கம்பெனி எதுவும் இன்னும் வரல. அண்ணன் தம்பியைக் கட்டிக்கினு ஆரணி ஆத்தங்கரைக்கு வந்த ஓரகத்திங்க நாம. நான் புதுவாயல்காரி, நீ நாகலாபுரம் மலையடிவாரத்துக்காரி. ஐப்பசி பொறந்தா எல்லாரும் தலைக்கு மேல மேகத்தைப் பார்ப்பாங்க. நீ மட்டும் ரேடியோவுல மலைப்பக்கத்துச் சேதிக்குக் காத்திருப்ப. உங்க ஊருல ரேடியோ கிடையாது. அவங்க மலையில மழை வருமா வராதான்னு நம்ம ஊருலதான் கேட்டுச் சொல்லணும்.

அந்த வருஷமும் அங்க மழை தப்பிப்போச்சு. ஏரியில முள்ளு முளைச்சிருந்துது. எருதுங்களுக்குப் போட வைக்கோல் இல்ல. மறுநாள் சந்தை. அதனாலதான் உன் நைனா, தன் தம்பியை நம்ம ஊருக்கு அனுப்பினார். ரேடியோவுல மழைன்னு சொன்னா எருதுங்களை வச்சிக்குவார், இல்லன்னா ஓட்டிக்கினு போய் வித்துடுவார். நீ கன்னுக்குட்டியில இருந்து உன் கையால கஞ்சி ஊத்தி வளர்த்த ஜோடி அது. "ரேடியோத் தமிழு எனக்குப் புரியாதும்மா, நீயே கேட்டுச் சொல்லு, கடைசி பஸ்ஸுல போறேன்"னுட்டு சின்ன நைனா டீக்கடைக்குப் போயிட்டார்.

நீ முந்தானையை இறுக்கிப் பிடிச்சிக்கினு நின்ன. செய்தி முடிஞ்சி வானிலை வந்துது. கடற்கரைக்குச் சொன்னான். "மேற்கே மலைப் பகுதிகளில்..."னு ஆரம்பிச்சான். ரங்கன் அப்பத்தான் குமிழைத் திருப்பினான். சினிமாப் பாட்டு.

"அய்யோ, திருப்பு திருப்பு! இன்னா சொல்றான்னு கேக்கணும்"னு நீ கத்தின.

"ஏம்மா, மலை மேல வடாம் காயப் போட்டுக்கீறியா? மழை வந்தா ஓடிப்போய் வார்றதுக்கு?"ன்னான். ஒரே சிரிப்பு. அவன் திரும்ப வக்கிறதுக்குள்ள வானிலை முடிஞ்சிபோச்சு.

நான் உன் கையைப் பிடிச்சேன். உதறிட்டு நேரா டீக்கடைக்குப் போன. நானும் பின்னாலயே வந்தேன். "மலையில பலமா பெய்யும்னு சொல்லிட்டாங்க சின்ன நைனா. எருது மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு"ன்ன. கொஞ்சங்கூட நாக்கு தடுமாறல. அவர் டம்ளரை வச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

"அக்கா, பெய்யலன்னா?"ன்னேன்.

"பெய்யலன்னா எருதுங்க பட்டினியில சாவும். எங்க நைனா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு. நீ வாயை மூடிக்கினு வா"ன்ன.

அப்புறம் நீ சோத்துல கை வச்சி வச்சி எடுத்த. ராத்திரியில எழுந்து எழுந்து மேற்காலப் பார்த்த. எனக்கு மட்டும்தான் ஏன்னு தெரியும்.

ஒரு நாள் துணி துவைக்க ஆத்துக்குப் போனோம். மேல சுள்ளுன்னு வெயில், ஒரு பொட்டு மேகம் இல்ல. வெறும் மணலு. தூரத்துல இரைச்சல் கேட்டுது. கன்னியம்மா, "லாரி வருதுடி"ன்னா. லாரி இல்ல. செக்கச்செவேல்னு புதுத் தண்ணி, நுரையும் சருகுமா மணலை நக்கிக்கினு வந்துது. எல்லாரும் துணியை வாரிக்கினு கரையேறினாங்க. நீ மட்டும் குனிஞ்சி கையில அள்ளி மோந்து பார்த்த. "எங்க மண்ணுடி. ஏரி நெறைஞ்சி வழியாம இது இங்க வராது"ன்னு சொல்லி என் தலையில தெளிச்ச. ஓன்னு அழுத, உடனே சிரிச்ச. அப்படி ஒரு சிரிப்பை அப்புறம் நான் எந்த மூஞ்சியிலயும் பார்க்கல.

என் பெரிய பையன் கும்மிடிப்பூண்டிக்கு முதல் முதல்ல வேலை கேட்டுப் போனப்ப, "கெடைக்கும் போடா"ன்னேன். எனக்கு இன்னா தெரியும்? ஆனா வாயில வந்தது உன் குரலு. இன்னிக்கும் பயம் வந்தா அந்தக் குரலைத்தான் எடுத்துப் போட்டுக்கிறேன்.

ரங்கனை எப்பவோ மன்னிச்சிட்டேன் அக்கா. அவன் பாட்டுப் பைத்தியம். ஆனா வடாம்னு அவன் சொன்னதும் முதல்ல சிரிச்சது ஒருத்தர். அண்ணி அண்ணின்னு உன் கையால சாப்பிட்டவர். உன் கண்ணு கலங்கினதைப் பார்த்தும் நிறுத்தல. நீ, "விடுடி, வெள்ளந்தி மனுசன்"னுட்ட. நான் விடல. இதோ, கட்டில்ல உக்காந்துக்கினு, "யாருக்குடி எழுதுற? காப்பி எங்க?"ன்னு கேக்குறார். காப்பி போடுவேன், சக்கரையும் போடுவேன். மன்னிக்க மட்டும் மாட்டேன். கட்டின நாள்ல இருந்து நான் வாயால சொல்லாத பேரு. எழுதினா தப்பில்ல.

முனுசாமி.