மெ குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கும்

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பாலவனத்தம் முழுக்கக் கரண்ட் இல்லை. போன் நெட்டில்தான் இன்று நான் எடுத்த ஸ்பானிஷ் வகுப்பு.

மதியம் இரண்டரை, டோரதி அம்மா. இங்கிலாந்து, எழுபது வயது. மகனுக்கு ஸ்பெயினில் கல்யாணம். சம்பந்தியோடு பேச வேண்டுமாம். மூன்று வாரமாக ஒரே தப்பு. காப்பி பிடிக்கும் என்பதற்கு ‘யோ குஸ்தோ’ என்கிறார். இங்கிலீஷ் பழக்கம், எதற்கும் ‘யோ’, அதாவது ‘நான்’, முன்னால் வந்து நிற்கும்.

“என் தாய்மொழியிலும் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குவோம். ‘நானை’ விட்டுவிடுங்கள்” என்றேன். ‘எனக்கு, எனக்கு’ என்று தமிழிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “மெ குஸ்தா எல் கஃபே.” சரி! கைதட்டிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: “வெள்ளக்காரிக்கு என்னடி புடிச்சிருக்காம்?”

“காப்பி.”

“அதச் சொல்றதுக்கா மூணு வாரம்?”

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பெயர் முத்துக்குமார். பந்தல்குடியில் உரம், பூச்சிமருந்துக் கடை.

வாங்க: ரவை, முந்திரி, பால் 2 லி. டெய்லரிடம் ஜாக்கெட். டோ. அம்மாவுக்குப் பயிற்சித் தாள் (மெ என்காந்தா = ரொம்ப ரொம்பப் பிடிக்கும்).

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு வேனில் ஆறு பேர். கேசரி நன்றாக வந்தது.

பத்து நிமிடம் தனியாகப் பேசச் சொன்னார்கள். கொல்லையில், தண்ணீர்த் தொட்டி பக்கம். “உங்களுக்கு என்னெல்லாம் புடிக்கும்?” என்று கேட்டார். தினமும் நாலைந்து பேரிடம் நான் கேட்கிற கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை. “எல்லாமே புடிக்கும்” என்றேன். இப்படிச் சொல்கிற மாணவர்களை நான் விடுவதே இல்லை!

உள்ளே வந்ததும் அவர் அம்மா: “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் வேல எதுக்குத்தா? கண்ணுதான் கெட்டுப்போகும்.” முத்துக்குமார் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின் அப்பா: “யோசிச்சுச் சொல்லு தாயி. புதன்கிழமை பதில் சொல்றேன்னுருக்கேன்.”

செப்டம்பர் 1, திங்கள்

வகுப்பு நான்கு. இடையில் எழுதியது. எனக்குப் பிடித்தவை:

வெள்ளரிப்பிஞ்சு, உப்பு, மிளகாய்ப்பொடி.
மதுரை பஸ்ஸில் ஜன்னல் சீட்.
பருத்தி வெடித்து நிற்கிற காடு.
ஞாயிறு மதியத் தூக்கம், யாரும் எழுப்பாமல்.
இந்த வேலை. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பிடிக்கும்.

அவரை? ஸ்பானிஷில் இரண்டு விதம். ‘மெ காயே பியென்’: நல்ல ஆள், பழகலாம். ‘மெ குஸ்தா’: மனசுக்கே பிடித்திருக்கிறது. இவர் எது? தெரியவில்லை. கோபம் வேறு.

செப்டம்பர் 2, செவ்வாய்

அப்பாவிடம் முத்துக்குமாரின் நம்பர் வாங்கினேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. போன் போட்டேன்.

“அன்னைக்குக் கேட்டீங்கள்ல, என்ன புடிக்கும்னு. இப்பச் சொல்லவா?”

“இருங்க, கடைக்கு வெளிய வாரேன். ம், சொல்லுங்க.”

எழுதியதைப் படித்தேன். வேலை என்ற இடத்தில் நிறுத்தினேன். “இத விட மாட்டேன். உங்க அம்மா பேசினப்ப நீங்க வாயத் தொறக்கல. அது எனக்குப் புடிக்கல.”

லாரி ஒன்று போகிற சத்தம். பிறகு: “தப்புதான். உங்க வீட்டுல வச்சு அவுகள மறுத்துப் பேச நாக்கு வரல. வேன்ல ஏறுனதும் சொல்லிட்டேன், வேல பாக்குறது அந்தப் பொண்ணு இஷ்டம்னு. அன்னையிலருந்து அம்மா எங்கூடப் பேசல.”

“சாப்பாடு?”

“தட்டுல விழுகுது. சத்தத்தோட.”

சிரித்துவிட்டேன். அவரும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கபடி, ரோட்டுக்கடை புரோட்டா, பழைய டிராக்டரைப் பிரித்து மாட்டுவது. இருபது நிமிடம். வீட்டில் எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

‘காயே பியென்’ இல்லை. மற்றது.

செப்டம்பர் 3, புதன்

மேகமூட்டம். டோ. அம்மா நேற்று வீடியோவில் சம்பந்தியிடம் பேசிவிட்டாராம். உங்கள் தோட்டம் ‘மெ என்காந்தா’ என்றாராம். அந்த அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் காட்டினாராம், முக்கால் மணி நேரம். டோ. அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாம். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லையாம்.

மாலை அப்பா மில்லிலிருந்து வந்தார். “என்ன தாயி, அவுககிட்ட என்ன சொல்ல?”

“புடிச்சிருக்கு.”

“யாருக்கு?”

“எனக்கு.”

அப்பா போனை எடுத்தார். உள்ளேயிருந்து அம்மா: “வேலைய விடமாட்டாளாம்னும் சேத்துச் சொல்லுங்க!”

“அதத்தான் மொதல்ல சொல்லப்போறேன்” என்று நம்பரை அழுத்தினார்.