கீழே நின்ற வாகனம்

சிவமயம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் கஜந்திக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே உடம்பு சுகம், மனம் சுகமில்லை என்றே எழுதுகிறேன். நீயாவது சுகமாக இருக்கவேண்டும் என்று கோணேசரையும் பத்திரகாளி அம்மனையும் கும்பிட்டபடி இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். அப்பாவின் கதையை எடுத்தவுடன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படியில்லை, மூடி வைத்தாலும் பிறகு எடுத்துப் படிப்பாய். அப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓடிய ஹஸ்மியின் மகள் ஷிஃபானா நாளைக்கு ரொறன்ரோவுக்குப் பயணம், அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே மிளகாய்த்தூளும் கொஞ்சம் பாரைக் கருவாடும் இருக்கிறது, கருவாட்டை நன்றாகச் சுற்றியிருக்கிறேன், நாற்றம் என்று அந்தப் பிள்ளையை ஏசாதே.

வீட்டில் புதினம் ஒன்றும் பெரிதாக இல்லை. குசினிக் கூரை இந்த மாரிக்கும் ஒழுகியது. வீதியில் திரியும் மான்கள் மதில் இடிந்த பக்கத்தால் வந்து செவ்வரத்தையை மொட்டையாக்கிவிட்டன. அப்பாவின் ஓட்டோ படங்கு போர்த்தபடி முற்றத்திலேயே நிற்கிறது, பற்றரி இறங்கிவிடும் என்று ஹஸ்மி இடைக்கிடை வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவார். அந்தச் சத்தம் கேட்கும்போது நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன், வந்த பிறகுதான் நினைவு வரும். விற்கச் சொல்லிக் கேட்கிறார்கள், எனக்கு மனமில்லை.

உன்னோடு அறையில் இருக்கும் லதுசா முந்தநாள் எனக்குப் போன் எடுத்தாள். அவளைக் கோபிக்காதே, அவள் சொல்லாவிட்டால் எனக்கு யார் சொல்வது. வேலை முடிந்து பஸ் இல்லாத நேரத்திலும் நீ பனிக்குள் நடந்துதான் வருகிறாயாம், டாக்சி பிடிக்கிற ஆப்பைப் போனிலிருந்தே அழித்துவிட்டாயாம், அவள் வாகனம் கூப்பிட்டாலும் ஏறமாட்டாயாம். பனியில் சறுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாயாம். வீடியோவில் இந்த ஒரு மாதமாக ஏன் ஒற்றைக் கையைக் கீழே வைத்துக் கதைத்தாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. நித்திரையில் அம்மா வருது, வருது என்று சொல்கிறாயாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை பிள்ளை. நீ உன்னைத் தண்டிக்கிறாய். செய்யாத ஒன்றுக்குத் தண்டிக்கிறாய், அதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் அப்பாவின் இருதயத்தைக் காட்ட நாங்கள் பலாலியால் பிளேன் ஏறிச் சென்னைக்குப் போனபோது தமிழ் கதைக்கிற ஊர்தானே, சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். இறங்கிய பிறகுதான் அது அந்நிய நாடு என்று தெரிந்தது. வாகனம் எல்லாம் நீதான் கனடாவிலிருந்து புக் பண்ணித் தந்தாய். நம்பர் பிளேட்டும் சாரதிக்குச் சொல்லவேண்டிய நாலு இலக்கமும் வட்ஸ்அப்பில் வரும், நான் கண்ணாடியைப் போட்டு வாசிப்பேன். சில சாரதிமார் போன் எடுத்து எங்கே போகவேண்டும், காசா கார்ட்டா என்று கேட்டுவிட்டு வராமலே விடுவார்கள், நீ அங்கிருந்து அவர்களை ஏசுவாய். அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு. போனில் சின்னச் சின்னக் கார்கள் ஊர்வதைப் பார்த்து எங்கட ஸ்டாண்ட் மாதிரித்தான் என்பார். ஏறினால் முன் சீற்றில்தான் இருப்பார், இண்டைக்கு எத்தினை ஹயர் தம்பி என்று சவாரிக் கணக்குக் கேட்காமல் விடமாட்டார். நீ புக் பண்ணப் போகிறாய் என்றாலே இறங்கிப் போய் லொட்ஜ் வாசலில் நிற்பார். வாகனக்காரனைக் காக்க வைக்கிறது பாவம் என்று எனக்கும் பிரசங்கம்.

அன்று காலை அவருக்கு வியர்த்துக் கொட்டியது, இடது கை உளைகிறது என்றார், வாய்வு என்றும் சொன்னார். உனக்குச் சொன்னேன், நீ உடனே வாகனம் போட்டாய். இனி எழுதுவதை நன்றாகப் படி கஜந்தி. நீ போட்ட வாகனம் வந்தது. சொன்ன நேரத்துக்கு, சரியான வாசலுக்கு, வெள்ளை நிறக் கார், அதே நம்பர். மாடி ஜன்னலால் என் கண்ணால் கண்டேன். மழைக்குக் கரண்ட் போய் லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாங்கள் மூன்றாம் மாடி. பாதிப் படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார், கொஞ்சம் மூச்செடுத்துப்போட்டு வாறன் என்றார். சாரதி போன் எடுத்தான். வாறம் தம்பி என்றேன். திரும்ப எடுத்தான். அப்போது அப்பா என் கையிலிருந்து போனைப் பறித்து, தம்பி நீங்கள் போங்கோ, எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டு உங்கட ஹயரைப் பழுதாக்காதேங்கோ, நீங்களே கட் பண்ணிவிடுங்கோ, நாங்கள் அடுத்ததில வாறம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையும் சரி சார் என்று போய்விட்டான். உன் போனில் சாரதி ரத்துச் செய்தார் என்று வந்தது அதுதான், நீ நினைக்கிற மாதிரி இடத்தைப் பிழையாகப் போட்டதால் இல்லை.

உங்களுக்கு விசரா என்று படியிலேயே நான் கத்தினேன். அவர் சொன்னார், ஏன் குளறுறாய், அடுத்தவன் நிப்பான்தானே என்று. வாழ்நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டில் முறைக்கு நின்று ஓடிய மனிசன். முன்னுக்கு நிற்கிறவன் போனால் பின்னுக்கு நிற்கிறவன் முன்னுக்கு வருவான், அதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். அந்த ஊரில் வரிசை இல்லை, மழை பெய்தால் ஒருவனும் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது. பிறகு நீ எத்தனை தரம் முயற்சி செய்தாய் என்று எனக்குத் தெரியும். வருது அம்மா, வருது அம்மா என்று நீ சொல்லச் சொல்ல அவருக்கும் கேட்டது. பிள்ளையைப் பதறப் பண்ணாதை என்று என்னைத்தான் முறைத்தார். கடைசியில் லொட்ஜ் மனேஜர் மழைக்குள் ஓடிப்போய் ரோட்டில் போன ஓட்டோ ஒன்றை மறித்தார். அப்பா என் தோளில் சாய்ந்தபடி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது முடிந்துவிட்டது.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். ஓட்டோவுக்குள் அவர் கடைசியாகச் சொன்னது, நான்தான் வாகனத்தைத் திருப்பி அனுப்பினது எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை, என்னை ஏசுவாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சாகப்போகிறோம் என்று தெரியாமல் சொன்னார். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். செத்தவீட்டில், பிள்ளை அங்கேயிருந்து வாகனம் போட்டதாம், அது வரவில்லையாம் என்று ஆளுக்காள் கதைத்தபோதும் மூடிக்கொண்டே இருந்தேன். உன் அகதி வழக்கு முடியாததால் நீ வரவும் முடியாமல் போன் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய், அந்தக் கதையும் உன் காதில் விழுந்திருக்கும். எனக்கு அந்த மனிசனில் இன்னும் கோபம் ஆறவில்லை. யாரோ ஒருவனுடைய ஹயரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சில நாள் படத்துக்குப் பூ வைக்காமலும் விட்டிருக்கிறேன், பிறகு அழுதுகொண்டு வைப்பேன். அந்த வாகனத்தில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் கேட்டேன், அவர் சொல்ல ஏலாது என்றார். நீயும் நானும் அதோடுதான் இருக்கவேண்டும். ஆனால் பிள்ளை, நீ பிழையாக ஒன்றும் அழுத்தவில்லை. ஏசுவதென்றால் அவரை ஏசு, நன்றாக ஏசு, அவர் பயந்தது அதற்குத்தானே.

இனி ஒரு வேலை சொல்கிறேன், தட்டாதே. உன்னிடம் வர நான் போட்ட விசாவுக்குக் கைரேகை வைக்க அடுத்த மாதம் கொழும்புக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். விசா தருவார்கள் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் போவேன். ஹஸ்மியின் மனைவியின் தமக்கை ஆமினா உம்மா தெமட்டகொடையில் இருக்கிறா, அவவின் வீட்டில் தங்குவேன், அதுவும் மாடி வீடு. அங்கிருந்து விசா அலுவலகத்துக்குப் போக எனக்கு வழி தெரியாது, இவ்வளவு காலமும் எங்கு போனாலும் அப்பாதான் கூட்டிப்போனவர். ஹஸ்மி ஆள் ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்றார், வேண்டாம், என் மகள் வாகனம் போடுவாள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அழித்த ஆப்பைத் திரும்பப் போடு. முதலில் உனக்குப் போடு, வேலை முடிந்து வாகனத்தில் வீட்டுக்குப் போ, பின் சீற்றில் இரு, பெல்ட்டைப் போடு, ஏறியதும் வாகன நம்பரை லதுசாவுக்கு அனுப்பு. பிறகு எனக்குப் போடு.

கைக் கட்டை நனையவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மாளாச்சி உன்னைக் காப்பாற்றுவா. நான் கைரேகை வைக்கப் போகும் அன்றைக்கு நீ புக் பண்ணுவதற்கு முன் எனக்கு ஒரு சொல் சொல்லு. வாகனம் வருவதற்கு முதலே நான் படியால் இறங்கிவந்து வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ஆ. பாக்கியரத்தினம்