அடிவாரத்தில் நின்ற கப்பல்

கமலா ஆரஞ்சு உரித்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. உரித்தது நான் இல்லை, ஜீப் டிரைவர் பொன்னுசாமியின் மகள் செல்வி. போன மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. இன்று காலை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாயில் உட்கார்ந்து, நான் கொடுத்த பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்கத்தை, நாங்க ரெண்டு பேரும் அந்தமானுக்குக் கப்பல்ல போலாம்னு இருக்கறமுங்க. கையில காசு கம்மிதான். எப்படிப் போறது, என்ன எடுத்துட்டுப் போறதுன்னு உங்களைக் கேளுன்னு அப்பா சொல்லுச்சுங்க."

நம்மை ஊர் சிரிக்க வைத்த அதே பொன்னுசாமியா இப்படிச் சொன்னார்? காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். நீங்கள் கண்ணை மூடிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வயதிலும் கப்பல் என்ற சொல் காதில் விழுந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. இந்த வெட்கம் முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் உங்களிடமே பேசுகிறேன்.

ஊர் உலகமெல்லாம் தேனிலவுக்கு வருகிற ஏற்காட்டு மலையில் நாம் குடியிருந்தோம். நீங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். எஸ்டேட் பங்களாவில் தங்க வருகிறவர்களுக்குச் சமைத்துப்போடுவது என் வேலை. புதுப்புடவை மடிப்புக் கலையாத பெண்கள், அவர்கள் தோளில் ஸ்வெட்டரைப் போர்த்திவிடுகிற பையன்கள் என்று வாரம் ஒரு ஜோடியாவது வரும். நமக்குக் கல்யாணமான மறுவாரமே காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. ஏரியில் ஒருமுறை படகில் சுற்றி வந்தோமே, நாம் போன சுற்றுலா என்றால் அவ்வளவுதான்.

ஒரு தடவை, அந்தமானுக்குக் கப்பலில் போய்வந்த ஒரு ஜோடி பங்களாவில் தங்கியிருந்தது. அவர்கள் பேசியதையெல்லாம் காபி டம்ளரை நீட்டியபடி நின்று கேட்டிருக்கிறீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்புள்ள, கப்பல்ல பங்க்குன்னு ஒரு கிளாஸ் இருக்குதாமா. ரயில்ல படுத்துட்டுப் போறாப்புல அடுக்கடுக்கா கட்டிலாமா. காசும் நொம்ப இல்லையாமா. நாம போலாமா?"

"நாமளா?"

"ஏன், நம்மளைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்களா?"

அன்றிலிருந்து நீங்கள் வெற்றிலை பாக்கை விட்டீர்கள். தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று நானே சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் வாய் சும்மா இருக்காதே. டிக்கெட் கைக்கு வந்த அன்றே வெள்ளக்கடைக் கிராமம் வரைக்கும் சேதி போய்விட்டது. முதலாளி வீட்டம்மா தன் தோல் சூட்கேஸைக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சங்கு வேண்டும், சிப்பி வேண்டும் என்று வாசலில் வந்து நின்றன. கிளம்புகிற அன்று ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் வருவதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கடைக்காரர் பாய் இஞ்சி மரப்பாவும் பிஸ்கட்டும் கட்டிக்கொடுத்து, "வயித்தைப் பொரட்டுனா இதை வாயில போட்டுக்கோம்மா" என்றார். உங்கள் உயிர்ச் சிநேகிதர் பொன்னுசாமி கதம்ப மாலையோடு வந்து நம் இரண்டு பேர் கழுத்திலும் போட்டார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. ஆனால் அது இனித்த வெட்கம்.

மெட்ராஸில் துறைமுக வாசலில் நம்மை உள்ளே விடவில்லை. என்ஜின் பழுதாம். கப்பல் எப்போது கிளம்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "காசைத் திருப்பி வாங்கிக்குங்க, இல்லாட்டி காத்திருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அலுவலர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். காத்திருக்க நமக்கு லீவும் இல்லை, தங்க இடமும் இல்லை. கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் கப்பல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. நீங்கள் காவலாளியிடம் போய், "ஏனுங்க, ஏற வேண்டாமுங்க. தொட்டுட்டு மட்டும் வந்தர்றமுங்க" என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

சேலத்தில் இறங்கி ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குள் பயம் புகுந்தது. சூட்கேஸ் மடியில் கனத்தது. மேலே போய் இறங்கினால் அதே ஒண்டிக்கடை, அதே முகங்கள். அடிவாரத்தில் பஸ் நின்றதும் எழுந்து இறங்கிவிட்டேன். நீங்கள் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தீர்கள்.

"என்ன புள்ள ஆச்சு?"

"நான் மேல வரமாட்டேனுங்க. ஓமலூர்ல அக்கா ஊட்டுக்குப் போயி லீவு முடியற வரைக்கும் இருந்துட்டு வரலாமுங்க."

"எதுக்கு? நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

டீக்கடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்துகொண்டேன். மலையேறுகிற பஸ் ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெயில் சாய்ந்த நேரத்தில் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. உரமூட்டை ஏற்ற வந்த பொன்னுசாமி. பின்னால் நாலு ஆட்கள். நம்மை ஒரு நிமிஷம் பார்த்தார். சூட்கேஸைப் பார்த்தார். பிறகு உரக்கக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, கப்பலு அடிவாரத்துலயே நங்கூரம் போட்டிருச்சுங்களா?"

பின்னாலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்த ஜீப்பிலேயே, உரமூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து மேலே போனோம். கப்பல் ஓடவில்லை என்று நேராக வந்து சொல்லியிருந்தால் ஊர் 'உச்' கொட்டியிருக்கும். ஒளிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டதால் சிரித்தது. ஒளிந்தது என்னால். பெயர் விழுந்ததோ உங்களுக்கு. அதற்குப் பிறகு நீங்கள் 'அடிவாரக் கப்பல்'. கூலி வாங்க நிற்கிற வரிசையில், டீக்கடையில், கோயில் திருவிழாவில் எங்கேயும் அதே பேர்தான். நீங்கள் அதைச் சட்டையில் ஒட்டிய தூசி மாதிரி தட்டிவிட்டுப் போனீர்கள். நான் ஒண்டிக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினேன். உப்பு வாங்கக்கூட உங்களைத்தான் அனுப்பினேன். பொன்னுசாமியிடம் பேச்சே இல்லை. அவர் வாசலில் வந்து உங்களைக் கூப்பிட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

மறுவருடம் நீங்கள் மறுபடியும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஒரு காக்கா குஞ்சுக்கும் தெரியக் கூடாதுங்க." அக்கா வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டு, துணிப்பையோடு விடியலிலேயே பஸ் ஏறினோம்.

அந்தத் தடவை கப்பல் நம்மை ஏற்றிக்கொண்டது. கீழ்த்தட்டில் ஒரு பெரிய கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், டீசல் வாடை, அழுகிற குழந்தைகள். கரை மறைந்ததும் எனக்குக் குமட்டத் தொடங்கியது. நீங்கள் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி என் மூக்கருகில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். விடிந்ததும் கைத்தாங்கலாக மேல்தளத்துக்குக் கூட்டிப்போனீர்கள். சிட்டுக்குருவிக் கூட்டம் மாதிரி மீன்கள் தண்ணீரிலிருந்து எழும்பிப் பறந்தன. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். நீங்கள் மீனைப் பார்க்கவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அங்கேதான் ஆத்தூர்ப் பக்கத்துப் புது ஜோடி ஒன்று நம்மோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள், "நீங்க எந்த ஊருங்க?"

"நாங்க ஏற்..." என்று நீங்கள் முகமெல்லாம் மலர ஆரம்பித்தீர்கள். நான் உங்கள் கையை நறுக்கென்று கிள்ளினேன். "சேலமுங்க" என்றேன். அந்த ஜோடி எப்போதாவது மலைக்கு வந்து, கப்பல், ரைட்டர் என்று எதையாவது கேட்டு, ஊர் மறுபடியும் அந்தப் பெயரை எடுத்துவிடுமோ என்று பயம். உங்கள் முகத்தில் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன். அவர்கள் நகர்ந்த பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னீர்கள்:

"கப்பலேறியும் நீ அடிவாரத்துலயேதான் உக்காந்திருக்கற புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

திரும்பி வந்ததும், அந்தமானில் பொறுக்கிய சிப்பிகளையெல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன். நீங்கள் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து, "ஓமலூர்ல அவ்வளவு வெயிலுங்களா?" என்று கேட்டார்கள். நீங்கள் ஆமாம் என்றீர்கள். வெகுநாள் கழித்து டீக்கடையில் யாரோ பழைய கேலியை எடுக்க, ஒரே ஒரு தடவை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "நாங்க நெசமாவே போயிட்டு வந்தமுங்க." முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்களாம். அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் அன்று தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. பெட்டியைத் திறந்து சிப்பிகளை அள்ளிக்கொண்டு போய் நான் அங்கே கொட்டியிருக்கலாம். போனோம் என்று என் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, பார்க்க வந்தவர்கள் முன்னால் அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்கு இருந்தது.

இன்று காபியோடு வெளியே வந்து செல்வியிடம் கேட்டேன், "நாங்க கப்பல்ல போனோம்னு உங்கப்பாவுக்கு யாரு சொன்னாங்க கண்ணு?"

"மாமாதானுங்க. ஒருநா ஜீப்புல வரும்போது, நடுக்கடல்ல தண்ணி என்ன நெறம்னு அப்பா சும்மா கேட்டுச்சாமுங்க. போகாதவங்க நீலம்னுதானே சொல்லுவாங்க? மாமா மையாட்டம் கறுப்புன்னாராமுங்க. அன்னைக்கே அப்பா நம்பிருச்சுங்க. ஆனா ஊரையே சிரிக்க வெச்சுட்டு, எந்த மூஞ்சியோட வந்து சொல்றதுன்னு..." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "இப்பவும் வந்திருக்குதுங்க. வாசல்லயே நிக்குது. உள்ள வர வெக்கமாமுங்க."

எட்டிப் பார்த்தேன். தலை நரைத்த ஒரு மனிதர் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார். அடிவாரத்துப் புளியமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. இத்தனை வருடமும் எனக்கு மட்டும்தான் இந்தப் பாரம் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள வாங்கண்ணா. காபி ஆறுது" என்றேன்.

வந்து வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார். உங்கள் படத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நான் வெளையாட்டாத்தானுங்க..." என்று தொடங்கி, முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் செல்வி பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தேன். வாய் முதலில் தடுமாறியது. பிறகு நிற்கவேயில்லை.

"பங்க்கே போதும் சாமி. கேபினுக்கு ஆசைப்பட்டுக் கடன் வாங்காத. கடலும் காத்தும் எல்லாருக்கும் ஒண்ணுதான். நடுக்கப்பல்ல, கீழ்க்கட்டிலாக் கேட்டு வாங்கு. அங்கதான் ஆட்டம் கம்மி. ஒரு போர்வை கூட எடுத்துக்க, திரையாக் கட்டிக்கலாம். புளிச்சாதமும் நார்த்தங்கா ஊறுகாயும் எடுத்துக்க, ஆனா கப்பலேறுன மொத ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டறாத. திரும்பற டிக்கெட்டைப் போறப்பவே கேட்டு வெச்சுக்க. கப்பல் சொன்ன நாள்ல கெளம்பும்னு நம்பாத, லீவைக் கொஞ்சம் கூடவே போடு. கெளம்பலைன்னா நேரா ஊட்டுக்கு வா, ஒளியாத. விடியக்காலம் ரெண்டு பேரும் மேல போயி நில்லுங்க. அப்பறம், எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா, ஏற்காடுன்னு சத்தமாச் சொல்லு."

கடைசி வார்த்தையை நானே சத்தமாகத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு எதற்கென்று புரிந்திருக்காது. உங்களுக்குப் புரியும்.

கிளம்பும்போது பொன்னுசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார், "கப்பல்ல இருந்து எறங்குனாலும் தரை ஆடுமாமே, நெசங்களா தங்கச்சி?"

"ஆடுமுங்கண்ணா. கொஞ்ச நாள்ல நின்னுரும்" என்றேன்.

அவரிடம் சொன்னது முழு நிஜமில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை அடுப்படியில் நான் தடுமாறி நின்றதும், நிலைப்படியில் சாய்ந்திருந்த நீங்கள், "உனக்கும் ஆடுதா புள்ள?" என்றீர்கள். "ஆடுதுங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆட்டம் எனக்கு முழுதாக நிற்கவேயில்லை. இப்போதும் சில காலைகளில் அடுப்பு முன்னால் நிற்கும்போது காலடி மெல்ல உயர்ந்து தாழ்கிறது. இத்தனை நாளும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். இன்று மத்தியானம் அப்படி வந்தபோது பிடிக்கவில்லை. ஆடட்டும் என்று நின்றேன்.