காலிப் பைகள்

அன்புள்ள அம்மா,

இதை அப்பாவைத் தவிர யாரிடமும் காட்டாதே. போனில் அத்தையிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. நரம்பு செல்லின் நுனியில் நுண்ணிய பைகள் உண்டு. அவை செய்தியை வெளியே கொட்டியதும், செல் காலிப் பையை உள்ளே இழுத்து, நிரப்பி, மறுபடி அனுப்பும். இதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

"மகாராணி ராத்திரியெல்லாம் என்ன பண்றீங்க?" என்றார் டீச்சர்.

"அத்தை குழந்தையத் தூங்க வைப்பேன் டீச்சர். அப்புறம் பாத்திரம் கழுவுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "விடாம வேலை வாங்கினா நரம்புக்கே பை தீந்துபோகும்மா. நிரப்ப நேரம் வேணும்" என்றார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதும் அவர்தான்.

படிக்க வைக்கத்தானே அத்தை வீட்டில் என்னை இங்கே அழைத்து வந்தார்கள்? அடுத்த மாதம் பள்ளியை நிறுத்தப்போகிறார்களாம். வெளிக்கதவுச் சாவி அத்தையின் இடுப்பிலேயே இருக்கிறது. தன் தங்கை மனசு நோகுமே என்று அப்பா தயங்குவார். என்னை அழைத்துப்போக நீதான் அவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். நாம் பேசும்போது அத்தை பக்கத்திலேயே நிற்பதால், "பச்சைச் சட்டை தச்சாச்சு" என்று மட்டும் சொல். அப்பா கிளம்பிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

அறைக் கதவைத் தட்டுகிறார்கள். குழந்தை அழவில்லையே, எதற்கு? அம்மா, சட்டையை மறக்காமல்