உறைகிணற்றுக்குக் குங்குமம்

1937 மார்ச் 2, செவ்வாய்
வெள்ளவத்தை ஓடைக்கரை. புதுப் பாலம் கட்டுமுன் கரையை அளந்து, பழம்பொருள் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதுவரை சேறும் நுளம்புக்கடியும்தான்.

மார்ச் 5, வெள்ளி
கண்டேன்! சுட்ட மண் வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. உறைகிணறு! எந்தக் காலத்து மனிதர் இதில் தண்ணீர் அள்ளினார்களோ!

பாலத்து எஞ்சினியர் துரை வந்து பூட்ஸால் ஓர் உதை விட்டார். "பழைய வடிகால் குழாய்" என்றார். விளிம்பில் சில்லுப் பெயர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண் சுமக்கும் குப்பாயி கிணற்றோரம் ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். தண்ணிக்கரையில் கன்னிமார் இருப்பார்களாம். எடுத்து எறிந்து ஏசினேன்.

மார்ச் 9
கந்தோரில் என் மேலதிகாரி: "ஏன் காணும் உமக்கு வம்பு? ஒண்டுமில்லையெண்டு எழுதிப்போட்டு வாரும்."
எழுத மாட்டேன். தலைகீழாய் நின்றாலும் எழுத மாட்டேன்.

மார்ச் 12
நாளை கிணற்றை மூடப்போகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல? சட்டம் துரை பக்கம், சம்பளமும் துரை பக்கம். கூலிகள் யார் பக்கம்? — குப்பாயியின் பூ!

மார்ச் 13, சனி
மயிலம்மா கடையில் குங்குமமும் மஞ்சள் துணியும் வாங்கிக்கொண்டு, வேலையாட்கள் வருமுன் போய்விட்டேன். மேல் வளையத்தில் மூன்று பொட்டு. சுற்றித் துணி.

குப்பாயி கண்டாள். கூடையைக் கீழே போட்டாள். பின்னால் எல்லோரும் போட்டார்கள். துரை கத்தினார்.
"சாமி மேல மண்ணு கொட்ட மாட்டோம், தொர."

வீட்டில் மனைவி யோசெப்பின் என் விரல் சிவப்பைப் பிடித்துவிட்டாள். "வேதக்கார மனிசன் செய்யிற வேலையா இது? சுவாமியாரிட்ட என்னெண்டு பாவசங்கீர்த்தனம் செய்யப்போறீங்கள்?"
"பாவம் செய்தால்தானே!" என்றேன். இரவுச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

மார்ச் 24
பாலம் தள்ளிப் போகிறது. அளவு முளைகளைப் பிடுங்கி அப்பால் அடித்துவிட்டார்கள். எனக்கு மன்னாருக்கு மாற்றம். அனுப்பட்டும். அங்கேயும் மண் இருக்கிறது.

ஏப்ரல் 2, வெள்ளி
போகுமுன் கிணற்றை முழுதாய்த் தோண்டி அளந்துவிடலாம் என்று அளவுச் சங்கிலியும் மண்கரண்டியுமாய்ப் போனேன். ஒரே கூட்டம். பொங்கல் பொங்குகிறது. குப்பாயி கையை நீட்டி மறித்தாள்.
"சாமான வெளிய வைங்க. செருப்பக் கழட்டுங்க, ஐயா."
"இதைக் கண்டுபிடிச்சதே நான்தான்!"
"கன்னிமார யாருங்க கண்டுபிடிக்க முடியும்?"

வாதாட வாய் எடுத்தேன். சிரிப்புத்தான் வந்தது. துரை பூட்ஸால் உதைத்த இடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றேன்.