கடல் இறங்கும் நேரம்

மார்ச் 4

செயலாளர் அண்ணனுக்கு,

நான் நலம். சேவைச் சங்கத்தார் எல்லோரும் நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள்.

படகுத்துறையில் நீங்கள் கட்டிக்கொடுத்த சரிவுப் பாதையைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். என் சக்கர நாற்காலி அதில் அலுங்காமல் போகிறது. இந்தத் தீவுக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. நன்றி என்ற ஒரு சொல் போதாது, அண்ணா.

இனி வருவதை மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். திறப்பு விழா அன்று கடல் ஏறி நின்றது. படகும் பாதையும் ஒரே மட்டம். கடல் இறங்கினால் படகு இடுப்பளவு கீழே போய்விடுகிறது. அப்போது பழையபடி படகோட்டி அண்ணன்தான் என்னைத் தூக்கி இறக்குகிறார். தங்கமான மனிதர். ஆனாலும் அக்கரைத் தையற்கூடத்தில் கிடைத்த வேலைக்குத் தினமும் ஒருவர் கையில் மூட்டையாகப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். இப்படியே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்புத் தங்கை,
தீவுத் தையல்காரி

மார்ச் 11

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எவ்வளவு செஞ்சாலும் ஒரு குறை சொல்லத்தான் செய்வாங்க" என்றார். எனக்கும் சுருக்கென்றது, மறைப்பானேன்?

பிறகுதான் உறைத்தது. நாங்கள் அளவெடுக்க வந்த மூன்று தடவையும் கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் வந்தோம். செருப்பு நனையாமல் கரையேறலாம் அல்லவா. இதைச் சொன்னதும் தலைவரே வரைபடத்தை மறுபடி எடுத்து விரித்தார்.

மிதவை மேடை ஒன்று கட்டி, நீளப் பலகையால் பாதையோடு இணைத்தால், கடலோடு அதுவும் ஏறி இறங்கும். ஆனால் ஒன்றாம் தேதிக்குள் முடியாது. தையற்கூடத்து அம்மாவிடம் நான் பேசட்டுமா?

செயலாளர் அண்ணன்

மார்ச் 17

அண்ணனுக்கு,

நீங்கள் பேச வேண்டாம். நானே போன் போட்டுக் கேட்டேன். ஒரு மாதம் பொறுத்துக்கொள்கிறாராம்.

வரும் வியாழன் காலை ஒன்பதுக்குக் கடல் நன்றாக இறங்கியிருக்கும். அளவெடுக்க வாருங்கள். தலைவரை மாற்றுத் துணி எடுத்துவரச் சொல்லுங்கள்.

தங்கை

மே 3

அண்ணனுக்கு,

நேற்று வேலையில் சேர்ந்தேன்.

கடல் அடியோடு இறங்கியிருந்தது. படகோட்டி அண்ணன் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். நான் நாற்காலியைப் பலகை வழியே மிதவைக்கு உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அப்ப எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"படகு ஓட்டுங்க" என்றேன்.

முழங்கால் சேற்றில் நின்று அளந்த தலைவரிடம் சொல்லுங்கள், குறை சொன்னவள் அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். உங்களையும்தான்.

தையற்கூடத்தில் நுழைந்ததும் அந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உன்னை யாரும்மா கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"யாருமில்லை. நானேதான் வந்தேன்."

முப்பத்திரண்டு வயதில் இந்தப் பதிலை முதன்முதலாகச் சொல்கிறேன், அண்ணா.

தங்கை